பதினான்கு வருடம் ஏறாத மெயின்டனன்ஸ்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் இருபது வீடுகள். வீட்டுக்காரர்களில் பத்தொன்பது பேர் படித்தவர்கள். ஒருவர் மட்டும் ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். சங்கத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டால் அந்த ஒருவர்தான். ஒரு வருடமா, இரண்டு வருடமா? தொடர்ந்து பதினான்கு வருடம். சும்மா வந்துவிடுமா அது?

எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. பதினோரு வயதில் சாந்துச் சட்டி தூக்கினார். பதினேழில் கரண்டி பிடித்தார். முப்பதில் எட்டுக் கொத்தனார்களை வைத்து வேலை வாங்கினார். ஐம்பதில், தான் பூசிக் கொடுத்த கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் ஒரு வீட்டைத் தன் பெயரில் பத்திரம் பதிந்தார். அப்பன் சொத்து ஒரு செங்கல் கிடையாது. ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தால் கால் அங்குலச் சாய்வைச் சொல்லிவிடுவார். ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கப் போன எஞ்சினியர்கள் வாயடைத்துத் திரும்பிய கதைகள் அவரிடம் பத்துப் பதினைந்து உண்டு. கேட்க ஆள் கிடைத்தால் இருபதாகும்.

அவர் தலைவரானதே ஒரு தொகையால்தான். அதற்கு முன்னால் இருந்த தலைவர் இரண்டு வருடத்தில் மூன்று முறை மெயின்டனன்ஸை ஏற்றி ஆயிரத்து ஐந்நூறில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது மேஸ்திரி எழுந்து தோள்துண்டை உதறிச் சொன்னார்: "என்கிட்ட குடுங்க. நான் இருக்கிற வரைக்கும் இந்த ஆயிரத்து ஐந்நூறு ஒத்தைக் காசு ஏறாது."

ஏறவும் இல்லை. சொன்ன சொல் சொல்தான்.

எப்படி ஏறாமல் போயிற்று என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. இரண்டு வாட்ச்மேன்களை ஒருவராக்கினார். மாடிப்படியில் ஒன்று விட்டு ஒன்றாக பல்பைக் கழற்றினார். லிஃப்ட் கம்பெனிக்கு வருடா வருடம் கட்டும் பணத்தை நிறுத்திவிட்டு, நின்றால் மட்டும் வந்து பார்க்கும் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மொட்டை மாடிக்குப் போட வேண்டிய நீர்க்காப்பு வேலையை வெளியாளிடம் விடாமல், தானே வெயிலில் உட்கார்ந்து விரிசல் விரிசலாகச் சிமெண்ட் பால் ஊற்றினார். குழாய் ஒழுகினால் அவர். பூச்சு விழுந்தால் அவர். கூலி கேட்டதில்லை. 'மேஸ்திரி' என்று ஒரு குரல் கேட்டால் போதும், சாப்பிடுகிற கையைக் கழுவிவிட்டு ஓடுவார்.

"ஊர்ச் சுவத்துக்கெல்லாம் சாந்து பூசறீங்க," என்பாள் மனைவி. "நம்ம பாத்ரூம் குழாய் மூணு மாசமா அழுவுது. அதுவும் சங்கத்துல மனு குடுக்கணுமா?"

"தலைவன் வீட்டுக் குழாய் கடைசியாத்தான் சரியாகணும். அதான் நேர்மை," என்பார் அவர்.

"நேர்மையை ஒரு வாளியில புடிச்சு வைங்க, குளிக்கறேன்."

அந்தப் பதினான்கு வருடமும் அவரை எதிர்த்துப் பேசியது ஒரே ஒரு ஆள்: நான்காம் மாடிக் கணக்கு டீச்சர். ஒல்லியான அம்மாள், தனியாள். ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்துக்கு ஒரு தாளை நாலாக மடித்து எடுத்து வருவார்.

"மேஸ்திரி, நாம மாசாமாசம் கட்டறதுல ரெண்டு பங்கு இருக்கணும்," என்று தொடங்குவார். "ஒண்ணு, இந்த மாசமே செலவாகிறது. வாட்ச்மேன் சம்பளம், மோட்டார் கரண்ட், கூட்டிப் பெருக்கறது. இன்னொண்ணு இந்த மாசம் செலவாகாது. ஆனா இந்த மாசமும் தேயுது. லிஃப்ட் கயிறு தேயுது, மொட்டை மாடி தேயுது, குழாய் தேயுது. அதுக்குன்னு எடுத்து வைக்கலைன்னா, ஒருநாள் எல்லாம் சேர்ந்து வந்து கதவைத் தட்டும். வீட்டுக்கு ஐந்நூறு கூடக் கட்டி, அதைத் தொடாம பேங்க்ல போட்டு வைப்போம்."

மேஸ்திரி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். "டீச்சரம்மா, தேயறதுக்கு முன்னாடியே காசு கேக்கறீங்களே, பள்ளிக்கூடத்துலயும் பரீட்சைக்கு முன்னாடியே மார்க் போட்டுடுவீங்களோ?"

கார் நிறுத்துமிடமே அதிரும்படி எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பைக்குள் வைப்பார்.

"பேங்க்ல காசு சும்மா கிடந்தா எஞ்சினியருங்களுக்கு மோப்பம் புடிச்சிடும்," என்று மேஸ்திரி முடிப்பார். "தட்டிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், லட்சத்துல எழுதிக் குடுப்பான். பயமுறுத்திக் காசு புடுங்கறதுக்குத்தான் அவனுங்க படிப்பு. விழுந்தா நான் பூசறேன். என் கை இருக்குல்ல?"

கைகள் தட்டப்படும். மருந்துக்கடைக்காரர் எழுந்து, அடுத்த வருடத்துக்கும் மேஸ்திரியே தலைவர் என்பார். அவர்தான் பொருளாளர். கூட்டம் கலையும்.

மகளையும் அந்தத் தொகையைச் சொல்லித்தான் அங்கே கொண்டுவந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் மகளும் மருமகனும் வேறு தெருவில் ஒரு புது வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். மருமகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வாயைத் திறந்தால் வண்டி அதிர்ந்துவிடுமோ என்பதுபோல அளந்து பேசுவான். அந்தக் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் மூவாயிரம் என்று கேள்விப்பட்டதும் மேஸ்திரி குதித்தார்.

"மூவாயிரமா? பேங்குக்கு ஒரு தவணை, அந்தச் சங்கத்துக்காரனுக்கு ஒரு தவணையா? முதல் மாடியில ஒரு வீடு விலைக்கு வருது. எங்க கட்டடத்துக்கு வாம்மா. ஆயிரத்து ஐந்நூறுக்கு இந்த ஊர்ல வேற எவன் குடுப்பான்?"

மகள் நகையை விற்று முன்பணம் கொடுத்தாள். மீதிக்கு இருபது வருடக் கடன். குடிவந்த அன்று மேஸ்திரி சுவர்களை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காட்டினார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைத் தட்டிக்கொடுத்த மாதிரியே.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கார் நிறுத்துமிடத்தில், மகள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் மூலைத் தூணில் பூச்சு உப்பியிருந்தது. மொட்டை மாடித் தண்ணீர் குழாய்ப் பொந்து வழியாக வருடக்கணக்காக இறங்கி அந்தத் தூணைத்தான் நனைத்துக்கொண்டிருந்தது. அவர் வழக்கம்போல கரண்டியும் சட்டியுமாகப் போய் உப்பியதைக் கொத்தினார். பூச்சோடு நிற்கவில்லை. உள்ளே கான்கிரீட்டும் பொரிபொரியாக வந்தது. அதற்கும் உள்ளே கம்பி, இல்லை, கம்பி இருந்த இடம். விரல் கனம் இருக்க வேண்டிய கம்பி துரு ஊதிக் கட்டைவிரல் கனமாகி, தொட்டால் ஏடு ஏடாக உதிர்ந்தது. கரண்டிக் காம்பால் தூணைத் தட்டினார். நல்ல தூண் 'ணங்' என்று கையில் திருப்பி அடிக்கும். இது 'பொத்' என்றது.

ஐம்பது வருடம் சுவரைத் தட்டியவருக்கு அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்ல எஞ்சினியர் வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்து, உடைத்து, துரு நீக்கி, புதுக் கம்பி கட்டி, மறுபடி வார்க்க வேண்டும். லட்சங்கள் ஆகும். லட்சம் வேண்டுமென்றால் தொகையை ஏற்ற வேண்டும். பொதுக்கூட்டத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார். சாந்தைக் கெட்டியாகக் குழைத்து அடைத்தார், மட்டப் பலகையால் தேய்த்தார், மறுநாள் வெள்ளையடித்தார். பார்த்தவர்கள் புதுத் தூண் மாதிரி இருக்கிறது என்றார்கள். ரெண்டு வருஷம் போகட்டும், பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூட்டத்தில் டீச்சரின் தாளுக்கு அந்த வருடம்தான் எல்லா வருடத்தையும்விட அதிகச் சிரிப்பு.

இந்த வருடம் மருமகன் வந்து நின்றான்.

"மாமா, புள்ளைங்க ரூம் கதவு மறுபடி இடிக்குது. ரெண்டு தடவை இழைச்சுட்டேன்."

"மழைக்கு ஊதியிருக்கும்."

"மழை பேஞ்சு நாலு மாசம் ஆச்சு மாமா."

மேஸ்திரி போய்ப் பார்த்தார். பேத்திகள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் கண்ணை மூடினார். கதவில் ஒரு குறையும் இல்லை. நிலைதான் சாய்ந்திருந்தது. இல்லை, நிலை தானாகச் சாயவில்லை, சுவர் இறங்கியிருந்தது. அறையின் மூலையில் கூரையிலிருந்து தரைவரை ஒரு மெல்லிய கோடு. தூண் போகிற இடம்.

அவர் தூணைப் பார்க்கக் கீழே இறங்கினார். அவர் பூசிய பூச்சு நெட்டாகப் பிளந்து, துருத் தண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது. நேராக நான்காம் மாடிக்கு ஏறினார். லிஃப்ட் நின்றிருந்தது. அறுபத்தேழு வயதில் நான்கு மாடி ஏறி, டீச்சர் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்று, "உங்களுக்குத் தெரிஞ்ச எஞ்சினியர் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க," என்றார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

வந்தது ஓர் இளம் பெண். டீச்சரிடம் படித்தவளாம். சுத்தியலால் ஒவ்வொரு தூணாகத் தட்டினாள். மூலைத் தூணில் தட்டியபோது மேஸ்திரி தரையைப் பார்த்தார். நான்கு நாளில் அறிக்கை வந்தது: ஆறு தூண்கள் கெட்டிருக்கின்றன, ஒன்று மிக மோசம். உடனே இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். மொத்தச் செலவு பதினாறு லட்சம், வீட்டுக்கு எண்பதாயிரம். சங்கத்தின் கையிருப்பு நாற்பதாயிரத்துச் சொச்சம்.

"இதுக்கு முன்னாடி யாரோ மேல பூசி மூடியிருக்காங்க சார்," என்றாள் அந்தப் பெண். "மூடினதால உள்ள ஈரம் நின்னு இன்னும் வேகமா அரிச்சிருக்கு. அப்பவே பார்த்திருந்தா ஒரு தூணோட போயிருக்கும்."

அவரை யாரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அது காதில் ஏறவே இல்லை.

அன்று பிற்பகல் மறுபடி டீச்சர் வீட்டுக்குப் போனார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, நீங்க கேட்டீங்களே அந்த ஐந்நூறு. பதினாலு வருஷமும் எல்லாரும் கட்டியிருந்தா இப்ப எவ்வளவு இருக்கும்?"

"எதுக்கு மேஸ்திரி அதெல்லாம்? காபி போடறேன், இருங்க."

"சொல்லுங்க."

டீச்சர் தாளை எடுக்கவில்லை. அவருக்கு அது மனப்பாடம். "பதினாறு லட்சத்து எண்பதாயிரம். வட்டி இல்லாம."

மேஸ்திரி கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் அரித்து ரேகை அழிந்த கைகள். இத்தனை வருடமும் அந்தக் கைகள் கட்டடத்துக்குப் பணம் மிச்சப்படுத்திக் கொடுத்ததாக நினைத்திருந்தார். மாதாமாதம் வீட்டுக்கு ஐந்நூறு கட்டடத்திடமிருந்துதான் கடன் வாங்கியிருக்கிறோம், அதுவும் கேட்காமல், என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டடம் வாய்விட்டுக் கேட்காது. தூணை எடுத்துக்கொள்ளும்.

"சிரிச்சேனே உங்களை," என்றார்.

"நானும்தான் சிரிச்சேன். போகட்டும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசுங்க. நான் சொன்னா சிரிப்பாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். மூலைத் தூணுக்குப் பக்கத்திலிருந்த நிழலில்தான் கூட்டம் அதிகம். மேஸ்திரி எழுந்தபோது, நல்ல வேடிக்கைக்குத் தயாரானவர்களைப் போல எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"எண்பதாயிரம் கட்டணும்," என்றார். "எல்லாரும். நானும் என் மவளும் முதல்ல கட்டறோம். அது போக அடுத்த மாசத்துலேர்ந்து மெயின்டனன்ஸ் மூவாயிரம் ஆக்கணும். பாதியைத் தொடாம வைக்கணும்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என்ன மேஸ்திரி, டீச்சர் வீட்டுக் காபில என்ன கலந்தாங்க?"

"விளையாட்டு இல்ல. தூண் போச்சு."

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "மேஸ்திரி, நீங்கதானே சொல்லுவீங்க? தட்டிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், லட்சத்துல எழுதிக் குடுப்பான்னு. அப்படியே எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு எழுத்து மாறல."

"நான் சொன்னது தப்பு."

"பதினாலு வருஷம் கழிச்சா தெரிஞ்சுது?"

"பதினாறு லட்சம் வேலை," என்றார் இன்னொருவர், பல்லைக் குத்திக்கொண்டே. "கொத்து வேலைக்காரங்க எல்லாம் மேஸ்திரிக்குத் தெரிஞ்ச ஆளுங்க. இதுல உங்களுக்கு எவ்வளவு நிக்குது? சும்மா சொல்லுங்க, நமக்குள்ளதானே."

மேஸ்திரியின் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். அவள் சட்டென்று திரும்பினாள். "இந்தாளு கமிஷன் வாங்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா என் வீட்டுக் குழாய் ஏன்யா ஒழுவுது?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மூட்டை சிமெண்டுகூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர் மேஸ்திரி. ஆனால் அதைச் சொல்லி நிற்க நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மிச்சம் இருப்பது ஒரே வழிதான். தோள்துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு அதைச் சொன்னார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். இந்தத் தூணை நான்தான் கொத்தினேன். உள்ள கம்பி இல்ல. தட்டினேன், பொத்துன்னு கேட்டுச்சு. காசு ஏத்தணுமேன்னு பயந்து மூடிட்டேன். நான் மூடினதாலதான் இன்னும் அரிச்சுது. என்னைத் திட்டுங்க, கேஸ் போடுங்க, என்ன வேணா செய்ங்க. தூணை மட்டும் சரி பண்ணிடுங்க. மேல என் பேத்திங்க தூங்குதுங்க."

பதினான்கு வருடத்தில் அவர் பேசியதிலேயே அதுதான் உண்மையான பேச்சு. சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, விளங்கிவிட்டது என்று மேஸ்திரி நினைத்தார்.

அப்போது மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "மூணு வருஷத்துக்கு முன்னாடியே போயிடுச்சா?"

"ஆமா."

"நீங்க பூசினீங்க. அதுக்கப்புறம் மூணு வருஷம் நின்னுச்சு."

"நின்னுச்சு, ஆனா..."

"அப்ப பூசினா நிக்குதுல்ல!" அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எஞ்சினியர் இன்னைக்கு விழும் நாளைக்கு விழும்ங்கறாங்க. கம்பியே இல்லாம மூணு வருஷம் நிக்குது. மேஸ்திரி கை அப்படி. மறுபடி ஒரு தடவை கெட்டியா பூசிட்டா இன்னும் மூணு வருஷம் ஓடும். அதுக்குள்ள மெதுவா யோசிக்கலாம்."

நாற்காலிகள் நிம்மதியாகக் கிறீச்சிட்டன. ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒருவருக்கு மகள் படிப்பு, ஒருவருக்கு வேலை போயிருந்தது, ஒருவர் போன மாதம்தான் கண் ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியிருந்தார். எண்பதாயிரத்தை யாரும் பெட்டியில் வைத்திருக்கவில்லை. பெட்டியில் வைக்க வேண்டாம் என்று பதினான்கு வருடமாக அவர்களுக்குச் சொன்னவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். தூணைச் சரிசெய்ய ஆறு கைகள். பூசினால் போதும் என்று பதினான்கு.

"நான் பூச மாட்டேன்," என்றார் மேஸ்திரி.

"வேற ஆள் இல்லாமலா போச்சு?" என்றார் பல் குத்துகிறவர்.

வேறு ஆள் வந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டான். மேஸ்திரி படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். சாந்தில் தண்ணீர் அதிகம். பழைய காலமாக இருந்தால் சட்டியைப் பிடுங்கி எறிந்திருப்பார். இரும்பு முட்டாவது வைக்கலாம் என்று டீச்சர் போய்க் கேட்டதற்கு, கார் திருப்ப இடைஞ்சல் என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை வெள்ளையடித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவரானார். மெயின்டனன்ஸ் ஏறாது என்று சொல்லித்தான் ஆனார்.

வாங்குகிறவர் இருந்தால் மேஸ்திரி தன் வீட்டை விற்று மகளை வேறிடத்தில் வைத்திருப்பார். இரண்டு தரகர்கள் வந்தார்கள். அறிக்கையைப் பற்றி எப்படியோ தெரிந்துகொண்டு படியோடு திரும்பிப் போனார்கள். வாடகைக்குப் போகலாம் என்றால் மகளுக்கு வீட்டுக் கடன் தவணையே கழுத்துவரை. தவணையும் வாடகையும் சேர்த்தால் மருமகன் இன்னொரு வேன் ஓட்ட வேண்டும், அதற்கு நாளில் மணி இல்லை.

சனிக்கிழமை மதியம் மகள் அவரைக் கீழே கூப்பிட்டாள். பேத்திகளை விளையாட அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் அறையில் மூலைக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்பா, உங்களைத் திட்டக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது எத்தனை வருஷம் தாங்கும்?"

ஆயிரம் பேர் அவரிடம் கேட்ட கேள்வி அது. ஆயிரம் பேருக்கும் மார்பைத் தட்டி, நூறு வருஷம் என்று சொல்லியிருந்தார்.

"தெரியலம்மா."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தலையணைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"கட்டிலை ஹால்ல போட்டுடலாம்னு அவர் சொல்றாரு."

மருமகன் ஸ்பேனரோடு வந்தான். கட்டிலின் நான்கு கால்களையும் கழற்றி, சட்டத்தைச் சாய்த்து, இருவருமாக வெளியே கொண்டுவந்தார்கள். "மாமா, அந்த முனையைக் கொஞ்சம் தூக்குங்க," என்றான். மேஸ்திரி தூக்கினார். ஹாலில் டிவி மேசையை ஓரம் தள்ளி, சாப்பாட்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து, கட்டிலை மறுபடி பூட்டினார்கள். நடக்க ஒரு ஆள் அகலம் மிஞ்சியது.

"இங்க பயமில்லையேப்பா?" என்றாள் மகள்.

மேஸ்திரி மேலே பார்த்தார். கண்ணை மூடாமலே தெரிந்தது. இந்த முறை அவர் எதையும் மூடவில்லை.

"இந்த பீமோட ஒரு நுனி அதே தூண் மேலதாம்மா உக்காந்திருக்கு."

மருமகன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மகள் கூரையை அண்ணாந்து பார்த்தாள், பிறகு அறையை, பிறகு சமையற்கட்டை. வீட்டில் வேறு இடம் இல்லை.

"சரி, இங்கேயே இருக்கட்டும்," என்று சொல்லி விரிப்பை உதறிப் போட்டு, நான்கு மூலையையும் மெத்தைக்கு அடியில் செருகினாள்.